சித்தப்பா புகையிலையை விடத் தயார், பதிலுக்கு என்ன போடலாம்?

வேடசந்தூரான் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம். சித்தப்பாவுக்கு நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனம், அதில் பாதிக்கு மேல் வருடா வருடம் மெல்லும் புகையிலைதான். ஐப்பசி வாக்கில் நடவு, அப்புறம் கொழுந்து ஒடிக்க வேண்டும், பக்கக் கிளை ஒடிக்க வேண்டும், தை மாசியில் வெட்டிக் காயவைத்துப் பதப்படுத்த வேண்டும் என்று வீடே அதில்தான் கிடக்கும். இப்போது அவரே போதும் என்கிறார். பனி இறங்கிய இலையில் காலையில் கை வைத்தால் சித்திக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருகிறது, கூலிக்கு ஆள் கூப்பிட்டாலும் அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. அவர் மகன், எனக்குத் தம்பி, டிப்ளமோ முடித்துவிட்டு மில் வேனில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான், சென்னைக்கு வந்து பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணட்டுமா என்று கேட்கிறான்.

இங்கே நண்பர்கள் சிலர் கொஞ்சம் பணமும் நேரமும் போடத் தயாராக இருக்கிறோம். ஒருவர் முருங்கை என்கிறார், இன்னொருவர் சிறுதானியம் என்கிறார், வேளச்சேரி அபார்ட்மென்ட்டுகளுக்கு நேரடியாக விற்க ஒரு ஆப் செய்யலாம் என்று இன்னொருவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சித்தப்பா ஒன்றுதான் கேட்டார்: "புகையிலைக்கு யாவாரி நடவுக்கு முன்னாடியே பணம் குடுக்கறான், முருங்கைக்கு எவன் குடுப்பான்?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஊரில் இதே மனநிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம் ஓய்வூதியர்:

தம்பி, நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பயிர் பெயரைச் சொல்லும் முன் ஒன்று கேட்கிறேன், கிணற்றுத் தண்ணீர் எப்படி? உங்கள் பக்கம் பல கிணறுகள் உப்பு. மெல்லும் புகையிலை அதைத் தாங்கிக்கொண்டு வரும், அங்கே அது இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். யாரோ சொன்னார்கள் என்று அதே தண்ணீரில் சின்ன வெங்காயமோ பீன்ஸோ போட்டால் விளைச்சல் படுத்துவிடும், இரண்டுமே உப்பைத் தாங்காதவை. பருத்தி, சோளம், கம்பு, பீட்ரூட் ஓரளவு தாங்கும். முருங்கை லேசான உப்பு என்றால் சமாளிக்கும். மண்ணையும் தண்ணீரையும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பு அளவு எவ்வளவு என்று தாளில் வாங்கிக்கொண்டு அப்புறம் பேசுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இன்னொரு விஷயம். புகையிலைக்கு அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் என்று பலர் போகிறார்கள். நான்கும் ஒரே குடும்பம், வேர்முடிச்சு நூற்புழு ஒன்றில் இருந்தால் மற்றவற்றுக்கும் வரும். நிலத்தில் புகையிலைக் காளான் என்கிற ஒட்டுண்ணிச் செடி இருந்திருந்தால் தக்காளி, கத்தரி வேரிலும் ஒட்டும், அதன் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். முதல் இரண்டு போகமாவது எள், சோளம் மாதிரி ஏதாவது போட்டு மண்ணைத் தேற்றுங்கள். புகையிலை சாம்பல் சத்தை (பொட்டாசியம்) அள்ளிக்கொண்டு போகிற பயிர், அதையும் மண் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திக்கு வருவது இலையின் ஈரத்தோடு நிக்கோட்டின் தோல் வழியாக உடம்புக்குள் போவதால் வருகிற நோய். இந்த வருடமும் புகையிலை நிற்கிறது என்றால், பனி காய்ந்த பிறகு முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வயல் பக்கமே விடாதீர்கள்.

கோயம்பேடு கடை:

அந்த ஆப் யோசனையைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள் சார். அபார்ட்மென்ட்டில் வாங்குகிறவர்களுக்கு தினமும் பத்து வகைக் காய் ஒரே தரத்தில் வேண்டும், ஒரு ஊரின் சில ஏக்கரில் இருந்து அதைக் கொடுக்க முடியாது. வேடசந்தூரில் இருந்து சென்னை நானூறு கிலோமீட்டர் போல வரும், வண்டி நிறையாமல் வந்தால் வாடகையே விலையைத் தின்றுவிடும். பக்கத்திலேயே ஒட்டன்சத்திரம் மார்க்கெட் இருக்கும்போது இங்கே ஏன் ஓடி வர வேண்டும்? முதல் வருடம் அங்கே விற்றுப் பழகுங்கள்.

முருங்கை பற்றி ஒரு எச்சரிக்கை. கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்துக் காய் வரத்து குறைந்து விலை ஏறும், குஜராத், மகாராஷ்டிரா காய் எல்லாம் இங்கே வந்து இறங்கும். அந்த விலையை டிவியில் பார்த்துவிட்டு ஏக்கர் ஏக்கராக வைக்கிறார்கள். அதே காய் கோடையில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போவதை வருடா வருடம் நான் பார்க்கிறேன். கோடை விலையில் கணக்குப் போட்டு, அதிலும் நிற்கும் என்றால் மட்டும் வையுங்கள். இலையாக, பொடியாக விற்கப் போகிறோம் என்றால் வாங்குகிறவர் யார், என்ன விலை என்று பேசி எழுதி வாங்கிய பிறகுதான் குழி வெட்ட வேண்டும். 2022 வேளாண் பட்ஜெட்டில் திண்டுக்கல்லையும் சேர்த்து ஏழு மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான், ஆனால் மண்டலம் வந்து உங்கள் காயை வாங்காது, ஆள்தான் வாங்க வேண்டும்.

உழவர் கம்பெனி கணக்கர்:

உங்கள் சித்தப்பா கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். விவசாயி புகையிலையோடு கட்டுண்டு கிடப்பதற்குப் பயிரைவிடப் பெரிய காரணம் அந்த முன்பணமும், வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்கிற வியாபாரியும். மேலும் அந்தச் சரக்கு சீக்கிரம் அழுகாது, ஆடு மாடு மேயாது, விலை இல்லையென்றால் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருக்கலாம். இத்தனை வசதியையும் பிடுங்கிவிட்டு கையில் வெறும் விதையைக் கொடுத்தால் எந்தக் குடும்பமும் ஒரு வருடத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மத்திய அரசின் பயிர் மாற்றுத் திட்டத்தை 2015-16 முதல் புகையிலை விளையும் பத்து மாநிலங்களுக்கு விரித்தார்கள், தமிழ்நாடும் அதில் உண்டு. விதை, செயல்விளக்கம், கருவி என்றுதான் பெரும்பாலும் அதில் உதவி. கடனையும் கொள்முதலையும் யாராவது ஏற்றுக்கொள்ளாமல் இது நகராது என்பது என் உறுதியான கருத்து.

கென்யாவில் மிகோரி பகுதியில் 2022ல் உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு, உலக உணவுத் திட்டம் மூன்றும் சேர்ந்து இதையே செய்தன. புகையிலைக் கம்பெனிக்கு இருந்த கடனை அடைக்கச் சிறு கடன் கொடுத்தார்கள், இரும்புச் சத்து அதிகமுள்ள பீன்ஸ் விதை கொடுத்தார்கள், விளைந்ததை வாங்க உலக உணவுத் திட்டம் நின்றது. வாங்க ஆள் இருந்ததால்தான் கடனுக்கும் விதைக்கும் அர்த்தம் வந்தது.

இங்கே அதற்கு ஈடாக என்ன இருக்கிறது? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடு தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. வியாபாரியின் முன்பணத்துக்கு வட்டி இல்லாத மாதிரிதான் தெரியும், ஆனால் விலையும் எடைக் கழிவும் அவர் சொல்வதுதான். ஆந்திரா, கர்நாடகாவில் சிகரெட்டுக்காக விளையும் வர்ஜீனியா புகையிலைக்குப் புகையிலை வாரியத்தின் ஏலம் இருக்கிறது, நம் மெல்லும் புகையிலைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைப் புதிதாகத் தொடங்க மட்டும் அவசரப்படாதீர்கள், 2020ல் வந்த மத்தியத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 300 உறுப்பினர்கள் வேண்டும் என்று வைத்திருந்தார்கள், தணிக்கை, கணக்கு என்று சுமை அதிகம். பக்கத்தில் ஏற்கெனவே ஒழுங்காக நடக்கிற ஒன்றில் உங்கள் ஊர்க் குடும்பங்கள் உறுப்பினராகச் சேரட்டும்.

உங்கள் நண்பர்களின் பணத்துக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. வியாபாரியிடம் பழைய பாக்கி இருக்கும் குடும்பங்களுக்கு அதை அடைக்க, எழுத்து வைத்து, வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுங்கள். பாக்கி தீராமல் நிலத்தில் என்ன போடுவது என்ற முடிவு அவர்கள் கைக்கு வராது.

மில் வேன்:

தம்பியைப் பற்றி யாரும் பேசவில்லையே அண்ணா. நானும் அந்தப் பக்கம்தான், ஸ்பின்னிங் மில்லில் இருந்துவிட்டு இப்போது ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறேன். அவனை வயலில் இறங்கு என்று சொன்னால் இறங்க மாட்டான், நானும் இறங்கியிருக்க மாட்டேன். மாதம் பிறந்தால் கையில் சம்பளம் வந்து பழகிவிட்டது எங்களுக்கு. சோளத்தட்டை போட்டு இரண்டு மூன்று கறவை மாடு வைத்தால் பால் பணம் மாதத்தில் இரண்டு முறையாவது வரும், உப்புத் தண்ணீருக்கும் சோளம் ஒத்துவரும் என்று மேலே ஐயாவே சொல்லிவிட்டார். காய் தரம் பிரிப்பது, எடை போடுவது, வண்டி ஓட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாம் டிப்ளமோ படித்த பையனுக்கான வேலை, அதற்குச் சம்பளம் வைத்துக் கேளுங்கள். அப்பா நிலத்தில் சும்மா உழைக்கச் சொன்னால் டெலிவரி பைக்தான் அவனுக்கு மேல்.

வேடசந்தூரான்:

அனைவருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பாவிடம் போனில் பேசினேன். கிணறு உப்புதான், வாய்க்காலில் வெள்ளையாகப் படிகிறது என்கிறார். பாட்டிலில் பிடித்து அடுத்த வாரம் பரிசோதனைக்குக் கொடுக்கத் தம்பியையே அனுப்புகிறேன். யாவாரியிடம் போன வருடப் பாக்கி இருப்பதையும் இப்போதுதான் சொன்னார், இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லையாம். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதலில் அதைப் பேசப்போகிறோம். முதல் வருடம் ஒரு ஏக்கரில் மட்டும் புகையிலையை நிறுத்தி சோளமும் எள்ளும் போடலாம், மாடு ஒன்றில் தொடங்கலாம் என்று சித்தப்பா சம்மதித்திருக்கிறார்.

கணக்கர் அவர்களே, கைமாற்றுக்கு எழுதும் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும், சித்தி பெயரையும் சேர்க்கலாமா என்று சொல்ல முடியுமா?