ஹைட்ராலிக் வின்ச்சா, மின் வின்ச்சா? முடிவெடுக்க முடியவில்லை

கேள்வி (சேற்றுத்தடம்):
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய நான்கு சக்கர இயக்க டீசல் வண்டி, ஆட்களும் சாமான்களும் ஏறிய பின் ஏறத்தாழ 2,600 கிலோ எடை வரும். சென்ற மழைக்காலத்தில் இரண்டு முறை களிமண்ணில் அச்சு வரை புதைந்து, வேறொரு வண்டி வந்து இழுக்கும் வரை மணிக்கணக்கில் காத்திருந்தேன். ஆகவே முன் பம்பரில் ஒரு வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) பொருத்த எண்ணியிருக்கிறேன். மின் வின்ச் சீக்கிரம் சூடேறி நின்றுவிடும் என்று ஒருவர் எச்சரிக்கிறார். ஹைட்ராலிக் வின்ச் ஆமை வேகத்தில் இழுக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். பெரும்பாலும் தனியாகவே போய்வருகிறேன் என்பதால், தவறாகத் தேர்ந்தெடுத்தால் கைகொடுக்க ஆளிருக்காது. எதை வாங்கலாம்?

பதில் (பல்சக்கரம்):
எந்த வின்ச்சுக்கு வலு அதிகம் என்று பார்ப்பதைவிட, அந்த வலு வண்டியில் எங்கிருந்து வரப்போகிறது என்று பார்ப்பது நல்லது. உங்கள் எடைக்கு ஒன்றரை மடங்கு என்ற வழக்கமான கணக்கின்படி 3,900 கிலோ வருகிறது. சந்தையில் அதற்கு அடுத்து 4,300 கிலோ அளவிலான வின்ச்கள் கிடைக்கும். அந்த அளவுள்ள 12 வோல்ட் மின் வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியரைச் சர்வசாதாரணமாக எடுத்துக்கொள்ளும். என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் (மெதுவாக ஓடும் என்ஜினில் அதுவும் வராது). மீதி 300 ஆம்பியரைப் பேட்டரிதான் தர வேண்டும். அதாவது, நிமிடத்துக்கு 5 ஆம்பியர்-மணி கரைகிறது. இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது பேட்டரியின் பயன்படும் கொள்ளளவும் சுருங்கிவிடும் என்பதால், 70 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதை நம்பி 14 நிமிடம் என்று கணக்குப் போட வேண்டாம். அதற்கு முன்பே மோட்டார் கொதித்துவிடும். முழுச் சுமையில் ஒரு நிமிடம் இழுத்தால், மோட்டாரின் உறையில் கை வைக்க முடிகிற வரை ஆறவிடுவது என் வழக்கம்.

ஹைட்ராலிக் வின்ச் வழக்கமாக ஸ்டீயரிங் பம்ப் தரும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது; அதில் இந்தத் தொல்லை இல்லை. என்ஜின் ஓடும் வரை, எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகாத வரை, தொடர்ந்து இழுக்கலாம். தண்ணீரில் மூழ்கினாலும் அதன் மோட்டாருக்குக் கவலையில்லை. ஆனால் ஸ்டீயரிங் பம்பிலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் எண்ணெய் 80 பார் அழுத்தத்தில் வருகிறது என்று கொண்டால், கிடைக்கும் ஆற்றல் சுமார் 1.3 கிலோவாட் மட்டுமே. மின் வின்ச் உள்ளே வாங்குவதோ 4.8 கிலோவாட். அதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது என்பதால், முழுச் சுமையில் இரண்டின் வேகமும் நீங்கள் கேள்விப்பட்ட அளவுக்கு வேறுபடாது. வேறுபாடு தெரிவது சுமை குறைவாக இருக்கும்போதுதான்: மின் வின்ச் வெறுங்கயிற்றை விறுவிறுவென்று சுருட்டிவிடும், ஹைட்ராலிக் வின்ச்சின் வேகம் எண்ணெயின் ஓட்டத்தைப் பொறுத்தது என்பதால், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கிட்டத்தட்ட ஒரே நடைதான் நடக்கும். வேகம் வேண்டுமென்றால் என்ஜினிலிருந்து நேராக ஓடும் தனிப் பம்ப் வைக்க வேண்டும். வாரத்துக்கு நாலு வண்டியை மீட்கிறவருக்கு அந்தச் செலவு தகும். உங்களுக்குத் தகுமா என்பது சந்தேகம்.

முக்கியமாக ஒன்று: உங்கள் வண்டியின் ஸ்டீயரிங் எண்ணெயால் இயங்குகிறதா, மின்சாரத்தாலா என்று முதலில் பாருங்கள்.

பதில் (ஓடைக்கரை):
மேலே சொன்ன கணக்கோடு உடன்படுகிறேன். ஆனால் தனியாகப் போகிறவருக்கு இன்னொன்றும் முக்கியம். ஓடை ஒன்றைக் கடக்கும்போது தண்ணீர் பானெட்டைத் தொட்டதால், காற்றுக்குழாய் வழியாக என்ஜினுக்குள் புகுந்துவிடுமோ என்று அஞ்சி நானே என்ஜினை அணைத்தேன். அன்று பேட்டரியை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து விநாடி இழுப்பதும் இரண்டு நிமிடம் நிறுத்துவதுமாக, பன்னிரண்டு மீட்டர் நகர்ந்து கரையேறினேன். ஹைட்ராலிக் வின்ச்சாக இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் குளியலுக்கான கூலியையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் கழித்து, வின்ச் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சொலினாய்டு என்ற ஸ்விட்ச், ஈரம் புகுந்து துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் டிரம் (கயிறு சுருளும் உருளை) சுற்றிக்கொண்டே இருந்தது. கொக்கி கயிற்று வழிகாட்டியை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்தபோது, பேட்டரியின் முனையைக் கழற்ற ஸ்பேனரைத் தேடினேன். எனவே மின் வின்ச் வாங்கினால், கைக்கு எட்டும் இடத்தில் மின்துண்டிப்பு ஸ்விட்ச் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள்.

பதில் (கப்பிக்காரர்):
பெட்டியில் அச்சிட்டிருக்கும் 4,300 கிலோ என்பது, டிரம்மில் கயிற்றின் முதல் சுற்றடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவிசை. ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் அது குறையும். இது இரண்டு வகைக்கும் பொருந்தும். கப்பி ஒன்றை மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியாக வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்தால் இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும், மின் வின்ச் எடுக்கும் ஆம்பியரும் இறங்கும். மோட்டார் சூடாவதைப் பற்றிய உங்கள் கவலையில் பாதியை இந்தக் கப்பியே தீர்த்துவிடும். மரத்துக்கு அகலப் பட்டையையே பயன்படுத்துங்கள். இறுகிய கயிற்றின் மேல் கனமான துணியோ பையோ போடாமல் இழுக்காதீர்கள்.

செயற்கை இழைக் கயிறு வாங்குவதாக இருந்தால், பிரேக் டிரம்முக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே இருந்தால், சுமையோடு கயிற்றை விடுவிக்கும்போது எழும் சூடு அடிச்சுற்றுகளை உருக்கிவிடக்கூடும்.

சேற்றுத்தடம்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை பானெட்டைத் திறந்து தேடினேன். ஸ்டீயரிங் எண்ணெய்க் குப்பியே இல்லை. வண்டியின் கையேடும் மின் ஸ்டீயரிங் என்றே சொல்கிறது. ஹைட்ராலிக் என்றால் தனிப் பம்ப்தான் என்று ஆகிறது. அதைப் பொருத்த என்ஜினின் முன்புறத்தில் இடமும் இல்லை. ஆகவே மின் வின்ச், கப்பி, மின்துண்டிப்பு ஸ்விட்ச் என்று பட்டியல் எழுதிவிட்டேன். இரண்டாவது பேட்டரி இப்போதே வேண்டுமா?

பல்சக்கரம்:
இப்போது வேண்டாம். இருக்கும் பேட்டரியை, தட்டில் இடமிருந்தால் ஒரு படி பெரிதாக மாற்றுங்கள்; இழுக்கும்போது என்ஜினைச் சற்று முடுக்கிய நிலையிலேயே வையுங்கள். வின்ச்சோடு வரும் தடித்த கேபிளைப் பேட்டரிக்கே நேராகக் கொண்டுபோங்கள். எர்த் முனையையும் சேசிஸில் விடாமல் பேட்டரி வரை இழுத்துவிடுங்கள்.