புதுப்பிப்பு: சித்தப்பாவுக்கு எந்தக் கியூபாச் சுருட்டுப் பெட்டி?

சித்தப்பாவின்ர எழுபதாவது பிறந்தநாளுக்கு அண்ணா சுவிசில இருந்து ஒரு பெட்டி கியூபாச் சுருட்டு கொண்டுவாறார், பார்த்தகாஸ் லூசித்தானியாஸா, ஓயோ டி மொந்தெரே டபிள் கொரோனாவா நல்லது எண்டு முந்திக் கேட்டிருந்தன். "முதல் ஒவ்வொண்டு எடுத்துப் பத்திப் பாருங்கோ" எண்டு கனபேர் சொன்னீங்கள். அப்பிடியே செய்தம். எல்லாருக்கும் நன்றி.

ரெண்டும் ஒரே அளவு: 194 மில்லிமீற்றர் நீளம், 49 றிங் (சுருட்டின்ர தடிப்பைச் சொல்லுற அளவு). ஆனபடியால் வித்தியாசம் முழுக்கப் புகையிலைக் கலவையிலதான். ஓயோ சாந்தமானது, கேதுரு மர வாசம், பாலாடை மாதிரி வழுவழுப்பான புகை. சாம்பல் வெள்ளையாய், உதிராமல் கன நேரம் நிண்டது. எனக்கு அதுதான் பிடிச்சது.

லூசித்தானியாஸ் வேற சாதி. தொடக்கத்தில மண்வாசம், பாதி தாண்ட மிளகுக் காரம், கடைசிப் பங்கில நல்ல கனம். சித்தப்பா யாழ்ப்பாணச் சுருட்டில ஊறின ஆள். ஓயோவைப் பாதியில வச்சிட்டார், இதைக் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம் ஆறுதலாய் இழுத்து, "இதெல்லோ புகையிலை!" எண்டார். பெட்டி அவருக்குத்தானே, அதால லூசித்தானியாஸ், 25 உள்ள பெட்டி.

ஒரு விசயம் மட்டும் கவனியுங்கோ. சுருட்டுக்கு 65–70 வீத ஈரப்பதம் வேணும். வெக்கை 25 பாகையைத் தாண்டினால் உள்ளுக்குள்ள இருக்கிற வண்டு முட்டை பொரிச்சிடும். கிளிநொச்சிச் சோளகத்தில வெளியில வைக்கவே ஏலாது. அதால கொஞ்சத்தை மட்டும் இங்க கொண்டுவந்து, மிச்சத்தை அண்ணா தன்னட்டயே வச்சிருப்பார்.