புதுப்பிப்பு: இடநெருக்கடியுள்ள இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டர்

என் பழைய காரில் ஆயில் ஃபில்டருக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே விரல் நுழையக்கூட இடமில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். குட்டையான ஃபில்டரைப் பொருத்துமாறு பலர் கூறியிருந்தீர்கள். கோவை நஞ்சப்பா சாலையில் தேடியபோது முதலில் கிடைத்த ஃபில்டரின் உயரமும் ரப்பர் வளையமும் சரியாகவே இருந்தன. ஆனால் அதன் மரை 20 மில்லிமீட்டர். என் இன்ஜினில் ஃபில்டரைத் திருகிப் பொருத்தும் தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரிய மரை தளர்வாக ஏறி, இறுகியதுபோல் தோன்றினாலும், எண்ணெய் அழுத்தம் உயரும்போது கழன்றுவிடக்கூடும்.

இறுதியில் சரியான மரையும், கையேட்டில் உள்ள அதே பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எண்ணெயை வடிகட்டாமலே இன்ஜினுக்கு விடும் வால்வு) திறக்கும் அழுத்தமும் கொண்ட குட்டை ஃபில்டரையே வாங்கினேன். ஃபில்டர் படுக்கைவாட்டில் அமைவதால், வண்டி நிற்கும்போது எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். வடிதாள் பரப்பு குறைவு என்பதால் 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிட எண்ணியுள்ளேன். இன்ஜின் தன் தாங்கிகளின்மேல் அசையும் என்பதால், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய பின் பார்த்தேன். ஃபில்டர் குறுக்குச் சட்டத்தில் உரசிய தடமோ கசிவோ இல்லை.