லாலு பிரசாத் யாதவ்: அஞ்சு கேஸ்ல தண்டனை வாங்கியும் ஜனங்க ஏன் கைவிடல?

வைகைக்கரை

வட இந்திய அரசியல் தெரிஞ்சவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். பீகார் முன்னாள் முதலமைச்சர் லாலு மாட்டுத்தீவன ஊழல்ல ஒண்ணு இல்ல, அஞ்சு கேஸ்ல குற்றவாளின்னு தீர்ப்பு வாங்கினவர். முதல் தீர்ப்பு 2013ல, கடைசியா 2022ல டோரண்டா கருவூல கேஸ்ல அஞ்சு வருஷம், 60 லட்சம் அபராதம். எம்பி பதவி போச்சு, தேர்தல்ல நிக்கவும் முடியாது. ஆனா 2015 சட்டசபை தேர்தல்ல அவர் கட்சிதான் 80 சீட்டோட தனிப்பெரும் கட்சி, 2020லயும் 75 சீட்டோட அதே முதலிடம். 2025ல 25 சீட்டுக்கு இறங்கிட்டாங்கதான், ஆனா ஓட்டு சதவீதம் பாத்தா இன்னும் கிட்டத்தட்ட 23 இருக்கு.

எனக்கு ரெண்டு விஷயம் புரியணும். ஒண்ணு, பத்திரிகைல 950 கோடின்னு தொகை மட்டும் போடுறாங்க, அரசாங்கப் பணம் இத்தனை வருஷம் எப்படி வெளிய போச்சு? ரெண்டாவது, இது தெரிஞ்சும் ஜனங்க அவர ஏன் விடல? "பீகார்காரங்க அப்படித்தான்"னு மட்டும் சொல்லாதீங்க, அந்தப் பேச்சு கேட்டு அலுத்துப்போச்சு.

கருவூலம்_ஓய்வு

தம்பி, நான் சர்வீஸ் முழுக்க கருவூலத்துல இருந்தவன், அதனால முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

ஒவ்வொரு துறைக்கும் வருஷத்துக்கு இவ்வளவுதான்னு சட்டசபை ஒதுக்கும். அதுலேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்கு இவ்வளவு எடுத்துக்கலாம்னு ஒரு ஒதுக்கீட்டு ஆணை வரும். பில்லு வந்தா கருவூலம் மூணு விஷயம் பாக்கணும்: ஒதுக்கீடு மிச்சம் இருக்கா, சரக்கு வந்து இருப்புப் பதிவேட்டுல ஏறியிருக்கா, பொறுப்பான அதிகாரி கையெழுத்து போட்டிருக்காரா. பீகார் கால்நடைத் துறைல இந்த மூணும் பொய். ஒதுக்கீட்டு ஆணையே போலி. மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, மருந்துன்னு சப்ளை பண்றவங்க பில்லு குடுப்பாங்க, சரக்கு வந்துச்சுன்னு கால்நடை டாக்டரே கையெழுத்து போடுவாரு, கருவூல அதிகாரி பாஸ் பண்ணுவாரு, வந்த பணத்த கீழேர்ந்து மேல வரைக்கும் பங்கு பிரிச்சுப்பாங்க. சட்டசபை ஒதுக்கினத விட பல மடங்கு பணம் வருஷா வருஷம் வெளிய போயிருக்கு. இத நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது, ஏன்னா ஒதுக்கீட்ட தாண்டி ஒரு ரூபா போனாலும் மாசக் கணக்கு போடுறப்பவே தெரிஞ்சிரும், தெரியாம நடக்க வழியே இல்ல.

தணிக்கைல சிக்கின ஒரு விஷயம் சொல்றேன். மாடு ஏத்திட்டு வந்த வண்டின்னு பில்லுல எழுதியிருந்த பதிவு எண்ண எடுத்து யார் வண்டின்னு தேடிப் பாத்தா, அதுல ஸ்கூட்டரும் மொபெட்டும் பைக்கும். காளை மாட்ட ஸ்கூட்டர்ல ஏத்திட்டு வந்ததா பணம் பட்டுவாடா ஆயிருக்கு!

1996 ஜனவரில மேற்கு சிங்பூம் மாவட்ட துணை ஆணையர் (நம்ம ஊர் கலெக்டர் மாதிரி) அமித் கரே சாய்பாசா கால்நடை அலுவலகத்துக்குள்ள போய் சோதனை போட்டாரு, அங்கதான் எல்லாம் வெளிய வந்துச்சு. மார்ச்ல பாட்னா ஹைகோர்ட் கேஸ சிபிஐ கைல குடுத்துச்சு. லாலு அப்ப முதலமைச்சர் மட்டும் இல்ல, நிதித்துறையும் அவர்கிட்டதான். இந்தக் கொள்ளை அவருக்கு முன்னாடி முதலமைச்சரா இருந்த ஜகந்நாத் மிஸ்ரா காலத்துலயே ஆரம்பிச்சதுதான், ஆனா தெரிஞ்சும் தடுக்கல, உடந்தையா இருந்த அதிகாரிங்கள காப்பாத்தினாருன்னுதான் கோர்ட் சொல்லுச்சு. என்னோட பார்வைல நிதித்துறைய கைல வச்சிருந்தவரு எனக்குத் தெரியாதுன்னு சொல்லவே முடியாது.

பனியன்_ஊர்க்காரன்

ரெண்டாவது கேள்விக்கு வரேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க திருப்பூர் கம்பெனில பீகார் ஆளுங்க நிறைய, அதுல மாதேபுரா பக்கத்துலேர்ந்து வந்த ஒரு பெரியவர், கட்டிங் செக்ஷன்ல இருக்காரு, சாப்பாட்டு நேரத்துல பேசிட்டு இருந்தப்ப லாலு பேச்சு வந்துச்சு, நான் நேராவே கேட்டேன் அவரு திருடினாருன்னு கோர்ட்டே சொல்லிருச்சே அண்ணேன்னு. அவரு சாப்பாட்டத் தள்ளி வச்சுட்டு சொன்னாரு, எங்க அப்பா ஜமீன் வீட்டு முன்னாடி போனா செருப்ப கைல எடுத்துக்கணும், கயித்துக் கட்டில்ல உக்காரக் கூடாது, சொந்த வீட்டு வாசல்ல உக்காந்திருந்தாக்கூட அவங்க வந்தா எந்திரிச்சு நிக்கணும், ஓட்டு போடப் போனா உன் ஓட்டு போட்டாச்சு போன்னு அடிச்சு விரட்டுவாங்க, லாலு வந்தப்புறம்தான் எங்கப்பா உக்காந்த இடத்துலேர்ந்து எந்திரிக்கல, அப்படின்னு. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

லாலு எங்கேர்ந்து வந்தாருன்னு பாருங்க. கோபால்கஞ்ச் மாவட்டம் புல்வாரியா கிராமம், மாடு மேய்க்கிற குடும்பம். அண்ணன் பாட்னா கால்நடைக் கல்லூரில பியூன், அந்த குவார்ட்டர்ஸ்ல தங்கித்தான் லாலு படிச்சாரு. பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர், ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கம், எமர்ஜென்சில ஜெயில், 1977ல 29 வயசுல சப்ரா எம்பி. 1990 மார்ச்ல முதலமைச்சர் ஆனப்புறமும் கொஞ்ச காலம் அந்த பியூன் குவார்ட்டர்ஸ்லயே இருந்தாரு, ஆபீசருங்க ஃபைல தூக்கிட்டு அங்கதான் வரணும். போஜ்புரில பேசுவாரு. தலித் குடியிருப்புக்குப் போய் சின்னப் பசங்களுக்கு முடி வெட்டி குளிப்பாட்ட ஏற்பாடு பண்ணுவாரு. அதே வருஷம் பிற்படுத்தப்பட்டவங்களுக்கு மத்திய அரசு வேலைல இடஒதுக்கீடுன்னு மண்டல் அறிவிப்பு வந்து வட இந்தியாவே கொதிச்சப்ப இவரு பிற்படுத்தப்பட்டவங்க பக்கம் அசையாம நின்னாரு, அக்டோபர் 23 விடியக்காலைல சமஸ்திபூர்ல, ராமர் கோயிலுக்காக பிஜேபி தலைவர் அத்வானி நடத்தின ரத யாத்திரைய நிறுத்தி அவர கைது பண்ணினாரு. முந்தின வருஷம்தான் பாகல்பூர் கலவரத்துல அத்தனை முஸ்லிம்கள் செத்துருந்தாங்க, அவங்களுக்கு அந்தக் கைது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முஸ்லிம் யாதவ் ஓட்டுன்னு டிவில ஒத்த வரில சொல்லிடுறாங்க, அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

தீர்ப்பையும் அவங்க இந்தக் கண்ணாலதான் பாக்குறாங்க. 2017 டிசம்பர்ல தேவ்கர் கருவூல கேஸ்ல லாலு குற்றவாளி, அதே கேஸ்ல பிராமணரான மிஸ்ரா விடுதலை. மிஸ்ரா 2013லயும் 2018 ஜனவரிலயும் சாய்பாசா கேஸ்ல தண்டனை வாங்கினவர்தான். ஆனா அந்த டிசம்பர் தீர்ப்புதான் ஊர்ல பரவிச்சு.

கரிசல்_தோழர்

பனியன்_ஊர்க்காரன் சொன்னது அத்தனையும் உண்மை, அதனாலதான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தி.

பணம் எந்த கருவூலத்துலேர்ந்து போச்சுன்னு பாருங்க. சாய்பாசா, தும்கா, தேவ்கர், டோரண்டா. எல்லாமே அப்ப தெக்கு பீகார், 2000ல தனியா பிரிஞ்ச ஜார்க்கண்ட். சாய்பாசா பக்கம் ஹோ ஜனங்க, தும்கா பக்கம் சந்தால் ஜனங்க. ஆடு மாடு கோழின்னு ரெண்டு உருப்படி கைல இருந்தாதான் பஞ்ச காலத்துல வித்து சாப்பிட முடியும்ங்கிற நிலைமைல இருக்குற ஆதிவாசி ஊருங்க. அங்க ஊசி மருந்து வரல, தீவனம் வரல, காகிதத்துல மட்டும் வந்துச்சு. யாரோட மானத்துக்காக பேசினாரோ அவங்கள மாதிரியே, இல்ல அவங்கள விட ஏழையானவங்க வாயிலேர்ந்து பிடுங்கின பணம் இது. சாய்பாசா முதல் கேஸ்ல மட்டும் 37.7 கோடி, டோரண்டால 139 கோடி.

அப்புறம் மானம் யாருக்கு வந்துச்சு? 1997 ஜூலை 25 ராஜினாமா பண்ணிட்டு, அதுவரைக்கும் அரசியல் பக்கமே வராத மனைவி ராப்ரி தேவிய முதலமைச்சர் ஆக்கினாரு, அஞ்சு நாள்ல சரணடைஞ்சாரு. அந்த டிசம்பர் 1ஆம் தேதி லக்ஷ்மண்பூர் பாத்தே கிராமத்துல மேல்சாதி நிலக்காரங்களோட ஆயுதப் படையான ரண்வீர் சேனா 58 பேர வெட்டியும் சுட்டும் கொன்னுச்சு, பெரும்பாலும் தலித் ஜனங்க, அதுல பாதிக்குக் கிட்ட பொம்பளைங்க. நிலம் பிரிச்சுக் குடுக்கல, ஆள் கடத்தல் தொழிலாவே ஆச்சு, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாம் கெட்டுச்சு. அந்தப் பெரியவர் மாதேபுராலேர்ந்து திருப்பூருக்கு வேலை தேடி வந்ததுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 2004லேர்ந்து அஞ்சு வருஷம் ரயில்வே அமைச்சரா இருந்தப்ப ரயில்வே லாபம் காட்டுச்சுன்னு அத்தனை பேர் புகழ்ந்தாங்களே, அந்தத் திறமைய பதினஞ்சு வருஷம் சொந்த மாநிலத்துல ஏன் காட்டல?

வைகைக்கரை

ரெண்டு பேரோடதும் திரும்பத் திரும்ப படிச்சேன், நன்றி. ஒரு சந்தேகம், 1996ல பிடிச்ச கேஸுக்கு 2013 வரைக்கும் தீர்ப்பு இல்ல, அப்புறம் 2017, 18ல மட்டும் வரிசையா வந்துச்சே, அது ஏன்? இப்ப அவரு ஜெயில்லயா வெளியிலயா?

கோர்ட்_வராண்டா

இது நம்ம ஏரியா, சொல்றேங்க.

கருவூலத்துக்கு ஒரு கேஸ்னு தனித்தனியா போட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் டஜன் கணக்குல குற்றவாளிங்க, நூத்துக்கணக்குல சாட்சி, மூட்டை மூட்டையா பில்லு. மாநிலம் பிரிஞ்சதும் பெரும்பாலான கேஸ் ராஞ்சிக்கு மாறுச்சு, கால்நடைத் துறைல மூளையா இருந்ததா சொன்ன ஷியாம் பிஹாரி சின்ஹா தீர்ப்புக்கு முன்னாடியே செத்துட்டாரு. 2013 செப்டம்பர் 30 முதல் தீர்ப்பு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜூலை 10ல லில்லி தாமஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு குடுத்துச்சு. அதுவரைக்கும் எம்பி எம்எல்ஏ யாராச்சும் தண்டனை வாங்கினா மூணு மாசத்துக்குள்ள அப்பீல் போட்டு பதவிய காப்பாத்திக்கலாம், அந்தப் பிரிவையே ரத்து பண்ணிட்டாங்க. மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து இத மாத்தப் பாத்துச்சு, ராகுல் காந்தி அத கிழிச்சுப் போடணும்னு பத்திரிகைக்காரங்க முன்னாடி சொன்னது இதத்தான். அவசரச் சட்டம் வாபஸ், லாலு எம்பி பதவி காலி. அடுத்த வருஷம் நம்ம ஊர்ல ஜெயலலிதா பதவி உடனே போனதும் இதே சட்ட நிலைமையாலதான்.

அப்புறம் 2014ல ஜார்க்கண்ட் ஹைகோர்ட், ஒரே சதிக்கு ஒரு தடவை தண்டனை குடுத்தாச்சு, அதே மாதிரி மத்த கேஸ்ல திரும்ப விசாரிக்க வேணாம்னு சொல்லிருச்சு. 2017 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அத மாத்தி, ஒவ்வொரு கருவூலமும் தனிக் குற்றம், ஒன்பது மாசத்துல முடிங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அதான் தேவ்கர், ரெண்டாவது சாய்பாசா, தும்கான்னு மூணு மாசத்துக்குள்ள மூணு தீர்ப்பு. தும்கால மட்டும் ஏழும் ஏழும் பதினாலு வருஷம். எல்லாமே அவருக்கு எதிராத்தான் போச்சுன்னும் நினைக்காதீங்க, சொத்துக் குவிப்பு கேஸ்ல 2006லயே அவரும் ராப்ரியும் விடுதலை ஆயிட்டாங்க.

இப்ப வெளியிலதான் இருக்காரு. தண்டனைக் காலத்துல பாதி முடிச்சாருன்னு 2021 ஏப்ரல்ல ஜாமீன், டோரண்டா கேஸ்ல 2022 ஏப்ரல்ல ஜாமீன். ஜெயில் காலத்துல நிறைய நாள் ராஞ்சி ரிம்ஸ் ஆஸ்பத்திரிலதான் இருந்தாரு, 2022 டிசம்பர்ல சிங்கப்பூர்ல மகள் ரோகிணி சிறுநீரகம் குடுத்து ஆபரேஷன் ஆச்சு. ரயில்வே வேலைக்கு நிலம் வாங்கினதா ஒரு கேஸ், ஐஆர்சிடிசி ஹோட்டல் கேஸ் ஒண்ணு, ரெண்டும் டெல்லி கோர்ட்ல போகுது, ரெண்டுலயும் எதுவும் நிரூபணம் ஆகல, அதனால அத தீவன கேஸோட சேத்துப் பேசக் கூடாது.