ஆஸ்துமா மாத்திரையால் வந்த சர்க்கரை: வி.ஏ கிளெய்ம்

ப்ரியா: தம்பி அமெரிக்க ஆர்மில இருந்தவன். ஆஸ்துமாவுக்கு வி.ஏ (முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசுத் துறை) 30% டிசெபிலிட்டி கொடுத்திருக்கு, ஈராக்ல குப்பை எரிச்ச பர்ன் பிட் புகையால. இப்ப சர்க்கரையும் வந்து மெட்ஃபார்மின் போடறான். ஆஸ்துமாவுக்குத் தந்த ப்ரெட்னிசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரைதான் காரணம்னு டாக்டர் சொல்றார். இதையும் கேக்கலாமா?

செந்தில் அண்ணா: தாராளமா. செகண்டரி கிளெய்ம். சர்வீஸ்ல வந்த நோய்க்குச் சாப்பிட்ட மருந்து கெடுத்ததும் கணக்குல வரும். இன்னைக்கே இன்டென்ட் டு ஃபைல், அதாவது கிளெய்ம் போடப்போறேன்னு முன்கூட்டியே சொல்ற நோட்டீஸ், போடச் சொல்லு. முழு கிளெய்ம் போட ஒரு வருஷம் டைம், கிடைச்சா பணமும் அந்தத் தேதியிலிருந்து. பேப்பர் சேரட்டும்னு உக்காந்தா அத்தனை மாசப் பணமும் போச்சு.

கலா அக்கா: கிளெய்ம் ஃபார்ம் 21-526இஇசட்ல வெறும் "டயபெட்டிஸ்"னு போடாதீங்க. "ஆஸ்துமாவுக்குத் தந்த ஸ்டீராய்டால் வந்த டயபெட்டிஸ்". இல்லேன்னா ஆர்மில இருக்கும்போதே இருந்துச்சான்னு தேடிட்டுத் தள்ளிடுவாங்க.

ப்ரியா: டாக்டர் தந்த லெட்டர்ல "ஸ்டீராய்டால வந்திருக்கலாம்"னு இருக்கு க்கா

கலா அக்கா: அது நிக்காது. "அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்", அதாவது பாதிக்குப் பாதியாவது வாய்ப்புன்னு எழுதணும். கூடவே காரணம்: ஒவ்வொரு கோர்ஸும் எந்த மாசம், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், முன்னாடி பின்னாடி ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரை சராசரி டெஸ்ட்). அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா மறைக்காதீங்க. நம்ம வீடுகள்ல யாருக்கு இல்ல 😀 வி.ஏ எக்ஸாமினர் முதல்ல அதைத்தான் பிடிப்பார். பரம்பரை இருந்தும் ஏன் ஸ்டீராய்டுன்னு டாக்டரே முந்திக்கிட்டு எழுதிடணும்.

ப்ரியா: ஏற்கெனவே சர்க்கரை இருந்து, மாத்திரையால ஏறியிருந்தா?

கலா அக்கா: அதுவும் செல்லும். பழைய ரிப்போர்ட் வேணும். பழைய அளவைக் கழிச்சு மீதிக்குத்தான் பர்சென்ட்.

செந்தில் அண்ணா: ப்ரியா, பார்மசி லிஸ்ட் பாரு. வருஷத்துக்கு ப்ரெட்னிசோன் எத்தனை கோர்ஸ்?

ப்ரியா: மார்ச், ஜூலை, நவம்பர். மூணு

செந்தில் அண்ணா: அப்ப ஆஸ்துமாவே 60% வரணும்மா! வருஷத்துக்குக் குறைஞ்சது மூணு ஸ்டீராய்டு கோர்ஸ்னுதான் 60%க்கு விதி. அதே ஃபார்ம்ல இன்க்ரீஸும் கேளு. சர்க்கரைக்கு மாத்திரையும் டயட்டும் இருந்தா 20%. டயட்னு டாக்டர் குறிப்புல இருக்கணும், வாயால சொன்னா போதாது.

ப்ரியா: ஆக 80?

செந்தில் அண்ணா: இல்ல. 60 போக மிச்சம் 40, அதுல 20% எட்டு. 68, ரவுண்ட் பண்ணி 70. ஆஸ்துமா 30லயே நின்னா 44தான் வரும், அதாவது 40.

ப்ரியா: டினை பண்ணிட்டா?

கலா அக்கா: ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி பார்க்கச் சொல்லிக் கேக்கணும். புது லெட்டர் இருந்தா ஃபார்ம் 20-0995. இருக்கிற பேப்பரையே தப்பா பார்த்திருந்தா ஃபார்ம் 20-0996, அதுல புதுசா எதுவும் சேர்க்க முடியாது. முதல் கிளெய்முக்கு எவனாவது ஃபீஸ் கேட்டா போனைக் கட் பண்ணுங்க, வி.எஸ்.ஓ (முன்னாள் ராணுவத்தினருக்கு உதவுற அமைப்பு) ஃப்ரீயாவே போட்டுத் தருவாங்க.

ப்ரியா: இன்டென்ட் போட்டுட்டான். லெட்டரை மாத்தி எழுத டாக்டர்கிட்ட வியாழக்கிழமை டைம் வாங்கியாச்சு 🙏