வெடிக்கும் பகடையும் ‘பெரிய மூன்று’ விதியும் சேர்ந்து வந்தால் எதை முதலில் செயல்படுத்துவது?

பன்னிருமுகி:

வணக்கம். மேசையில் கூடி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளுக்காக ஒரு பகடை உருட்டியை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 4டி6 (நான்கு ஆறுமுகப் பகடைகள்) போன்ற எளிய கோரிக்கைகளுக்குப் பகடைகளை உருட்டி, விழுந்த எண்களை ஓர் அரேயில் சேர்த்து, இறுதியில் கூட்டித் தருகிறேன். உச்ச எண் விழுந்தால் மீண்டும் உருட்டிச் சேர்க்கும் வெடிப்பு விதி, பெரிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் விதி, ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டும் விதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி ஃபங்ஷன் உண்டு. தனித்தனியே அவை சரியாகவே இயங்குகின்றன.

இரண்டு விதிகள் ஒரே கோரிக்கையில் சேரும்போதுதான் குழப்பம். நான்கு பகடைகளில் 6, 6, 2, 1 விழுந்து, இரண்டு ஆறுகளும் வெடித்து முறையே 4, 3 வந்தன என்று கொள்வோம். பெரிய மூன்றின் கூட்டுத்தொகை 16 என்று சொல்வதா, 21 என்று சொல்வதா? இரண்டுக்கும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. விதிகளுக்கென நிலையான ஒரு வரிசை உண்டா?

ஓரெண்மாடி:

நீங்கள் கேட்டது வரிசையைப் பற்றி. ஆனால் உங்கள் எடுத்துக்காட்டில் வரிசை மாறவே இல்லை. இரண்டு விடைகளிலும் வெடிப்பு முதலிலும் தேர்வு பிறகும்தான் நடக்கின்றன. வெடித்து வந்த எண்ணைப் புதிய பகடையாகக் கருதினால் கையில் 6, 6, 2, 1, 4, 3 என ஆறு பகடைகள் இருக்கும்; பெரிய மூன்று 6, 6, 4; விடை 16. அதைத் தாய்ப் பகடையின் மதிப்போடு சேர்த்தால் 10, 9, 2, 1 என நான்கு பகடைகளே மிஞ்சும்; விடை 21. ஆகவே ‘வெடிப்பு’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு விதிகள் ஒளிந்திருக்கின்றன என்பதை உங்கள் நிரல் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகையும் ஒன்று உண்டு: கூடுதலாக உருட்டிய ஒவ்வொரு பகடையிலிருந்தும் ஒன்றைக் கழிக்கும் ஊடுருவல் விதி. இவ்விளையாட்டுகளை இணையத்தில் ஆட உதவும் ரோல்20 தளம் இம்மூன்றுக்கும் தனித்தனிக் குறிகளையே வைத்திருக்கிறது.

இவற்றின் கணக்கும் வேறு. ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5, வெடித்தால் 4.2, ஊடுருவல் விதியில் சரியாக 4. சேர்த்துக் கூட்டும் வகையில் ஒரு பகடையின் மதிப்பு ஒருபோதும் 6 ஆகவோ 12 ஆகவோ அமையாது, ஏனெனில் ஆறு விழுந்த கணமே அடுத்த உருட்டலும் சேர்ந்து அது குறைந்தது 7 ஆகிவிடும். ஊடுருவலில் அடுத்த உருட்டலின் ஒன்று பூச்சியமாகிவிடுவதால் 6 கிடைக்கும். அந்த விதி தோன்றியதே இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு அது நேர்த்தியாகப் பொருந்துகிறது.

நிரலில் மாற்ற வேண்டியது, என் கருத்தில், அரேயில் வெறும் எண்களை வைப்பதைத்தான். ஒவ்வொரு பகடைக்கும் ஓர் ஆப்ஜெக்ட் வையுங்கள். அதில் முகங்களின் எண்ணிக்கை, விழுந்த எண்கள் அனைத்தும் விழுந்த வரிசையில், தற்போதைய மதிப்பு, கணக்கில் சேருமா நீக்கப்பட்டதா என்ற நிலை ஆகியவை இருக்கட்டும். விதி எதுவும் பகடையை அழிக்கக் கூடாது. நிலையை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதுதான் மறுபடி உருட்டிய ஒன்றையும் கைவிட்ட இரண்டையும் ஆடுபவரின் கண்முன் கோடிட்டு அடித்துக் காட்ட முடியும்; விடையை மட்டும் காட்டும் உருட்டியின்மீது யாருக்கும் நம்பிக்கை வராது.

வரிசை என்று கேட்டால், மறுஉருட்டல், வெடிப்பு, தேர்வு, கடைசியில் கூட்டல் அல்லது வெற்றிகளை எண்ணுதல் என்பது பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பொருந்தும்.

நாற்கோணி:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. முடிவில்லாத சுழலைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒருமுகப் பகடை வெடிக்கட்டும் என்றோ, ஒன்றும் அதற்கு மேலும் விழுந்தால் வெடிக்கட்டும் என்றோ யாராவது உள்ளிட்டால் உங்கள் நிரல் முடிவின்றிச் சுழன்று உறைந்துவிடும். வெடிப்பு நிபந்தனை எல்லா முகங்களையும் உள்ளடக்குகிறதா என்பதை உருட்டுவதற்கு முன்பே சோதித்து, கோரிக்கையை மறுத்துவிடுங்கள்.

அது மட்டும் போதாது. நூறுமுகப் பகடையில் இரண்டும் அதற்கு மேலும் வெடிக்கும் என்பது விதிப்படி செல்லுபடியாகும் கோரிக்கைதான். ஆனால் ஒரு பகடைக்குச் சராசரியாக 100 உருட்டல்கள் தேவைப்படும். எனவே மொத்த உருட்டல்களுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். வரம்பைத் தொட்டதும் பாதிக் கூட்டுத்தொகையை விடையாகத் தந்துவிடாமல், பிழைச் செய்தி காட்டுவதே நேர்மை.

மறுஉருட்டலிலும் இதே கவனம் தேவை. ஒருமுறை மட்டும் மறுபடி உருட்டுவதும், வேறு எண் விழும் வரை உருட்டிக்கொண்டே இருப்பதும் வேறு வேறு விதிகள். ஆறுமுகப் பகடையில் ஒன்றை ஒருமுறை மறுத்தால் சராசரி ஏறத்தாழ 3.92, அடியோடு மறுத்தால் 4.

பன்னிருமுகி:

இருவருக்கும் நன்றி. சாவேஜ் வேர்ல்ட்ஸ் விளையாட்டில் திறன் பகடையோடு ஓர் ஆறுமுகப் பகடையையும் சேர்த்து உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்வார்கள், இரண்டும் வெடிக்கும். அங்கே எந்த வகை பொருந்தும்?

ஓரெண்மாடி:

சேர்த்துக் கூட்டும் வகைதான். எண்முகப் பகடையில் 5 விழுந்து, ஆறுமுகப் பகடையில் 6 விழுந்து வெடித்து 3 வந்தால், மதிப்பு 9. இலக்கு 4 என்பதால் வெற்றியும், அதற்கு மேல் நான்கைத் தாண்டியதால் ஓர் உயர்வும் (கூடுதல் வெற்றி) கிடைக்கும். வெடிப்பைத் தனிப் பகடையாக எண்ணினால் பெரியது 6 என்றாகி, ஆடுபவர் அந்த உயர்வை இழப்பார்.

இதையே உங்கள் முதல் டெஸ்ட்டாக எழுதுங்கள். அதற்கு ரேண்டம் எண்ணைத் தரும் ஃபங்ஷனை வெளியிலிருந்து அளிக்கும்படி அமைத்து, டெஸ்ட்டின்போது 5, 6, 3 என்று முன்கூட்டியே குறித்த எண்களைத் தரச் செய்ய வேண்டும். வெடித்த பகடையை உடனே உருட்டுவதா, எல்லாப் பகடைகளும் விழுந்த பிறகு உருட்டுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நிகழ்தகவில் வேறுபாடு இல்லை. ஆனால் பின்னால் மாற்றினால் எழுதிவைத்த டெஸ்ட்கள் பலவும் உடைந்துபோகும்.

நாற்கோணி:

உண்மையான ரேண்டம் எண்ணை ஒரு பைட்டாகப் (0 முதல் 255 வரை, 256 மதிப்புகள்) பெற்று ஆறால் வகுத்து மீதியை எடுப்பதாக இருந்தால், 256 ஆறால் மீதியின்றி வகுபடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். முதல் நான்கு முகங்களுக்கு 43 வாய்ப்புகளும் கடைசி இரண்டுக்கு 42 வாய்ப்புகளும் அமையும். அதாவது ஐந்தும் ஆறும் சற்றே குறைவாக விழும், வெடிப்பும் அதே அளவு குறையும். 252-உம் அதற்கு மேலும் வந்தால் அந்த பைட்டைத் தள்ளிவிட்டு வேறொன்றைப் பெறுங்கள். இருபதுமுகப் பகடைக்கு 240-லிருந்து தள்ள வேண்டும்.