புதிய இயங்குதளம் கற்க வழிகாட்டி நூல் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

ஈரோடு, ஜவுளி மொத்தக் கடையின் கணக்கர்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. எங்கள் கடையில் இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாததால் அவற்றை விண்டோஸ் 11-க்கு மாற்ற வழியில்லாமல் போயிற்று. வன்தட்டும் நினைவகமும் நல்ல நிலையில் இருக்கும் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட முதலாளிக்கு மனம் வரவில்லை. டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள் என்பதால் அதற்கு மட்டும் ஒரு புதிய கணினியை வாங்கிவிட்டு, கடிதம், விலைப்பட்டியல், மின்னஞ்சல் ஆகிய வேலைகளுக்கான மற்றவற்றில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினோம். நிறுவியவர் வேறு ஊர்க்காரர். வேலை முடிந்ததும் போய்விட்டார். அதன்பின் ஒரு வழிகாட்டி நூல் இல்லாமல் முடியாது என்று ஆயிற்று.

கடைகளில் இருக்கும் நூல்களை வெறுமனே புரட்டினால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆகவே, எங்கள் கடையில் அன்றாடம் தலைவலி தருகிற ஒரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நூலையும் திறந்தேன்: ஒரு கணினியில் இணைத்த அச்சுப்பொறியை மற்றக் கணினிகளிலிருந்தும் பயன்படுத்துவது எப்படி, அச்சுக்கு அனுப்பியது பாதியில் சிக்கிக்கொண்டால் அதை நீக்குவது எப்படி? வண்ணப்படங்கள் நிறைந்த பருமனான நூலொன்றில் பின்னணிப் படத்தை மாற்றுவதற்குப் பல பக்கங்கள் இருந்தன. அச்சுப்பொறிக்கு ஒரே ஒரு பத்தி, அதுவும் 'இயங்குதளம் தானாகவே கண்டுகொள்ளும்' என்ற உறுதிமொழியோடு முடிந்துவிட்டது. படமே இல்லாத மெல்லிய நூலொன்று, லினக்ஸில் அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ் என்னும் நிரலைப் பற்றியும், வரிசையில் நிற்கும் பணிகளைப் பார்ப்பது, நீக்குவது பற்றியும் தெளிவாக எழுதியிருந்தது. அதைத்தான் வாங்கினேன். எனக்கு அது பயன்பட்டது. ஆனால் கடைப் பையன்கள் அதைத் தொடவே இல்லை. அவர்களுக்கும் எனக்கும் ஒரே நூல் போதுமா, அல்லது வேறு வேறாக வாங்க வேண்டுமா என்பதை இங்குள்ளவர்களின் அனுபவத்திலிருந்து அறிய விரும்புகிறேன்.

மதுரை, கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிப்பவர்

கணக்கர் ஐயா நூலைச் சோதித்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனோடு இன்னொரு சோதனையைச் சேர்க்கலாம். எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நான் பார்ப்பதிலிருந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் நூலகத்தில் லினக்ஸ் நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வயது பதினைந்துக்கு மேல். மாணவர் ஒருவர் அவற்றில் ஒன்றை எடுத்துவந்து, கணினியின் வலையமைப்பு முகவரியைப் பார்ப்பதற்காக 'இஃப்கான்ஃபிக்' என்று தட்டச்சிடுவார். அப்படியொரு கட்டளை இல்லை என்று திரை சொல்லும். எழுத்துப்பிழையோ என்று மூன்று முறை தட்டிப் பார்ப்பாரே தவிர, நூலின் மேல் அவருக்குச் சந்தேகம் வராது. அந்தக் கட்டளையைக் கொண்ட நெட்-டூல்ஸ் தொகுப்பு, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனின் 2017-இல் வெளிவந்த 9-ஆம் வெளியீடு முதல் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதும், 'ஐபி' என்னும் கட்டளை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதும் அந்த நூல் அச்சானபோது எழுதியவருக்கே தெரிந்திருக்க முடியாது. பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடங்குவது, நிறுத்துவது பற்றிய அதிகாரமும் அப்படித்தான்: டெபியனும் உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸ் வகையும் 2015-இல் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி முறைக்கு மாறிய பிறகு, கணினி எந்த நிலையில் இயங்குகிறது என்பதைக் குறிக்கும் 'ரன்லெவல்' பற்றிய பழைய விளக்கங்கள் பெரும்பாலும் வரலாற்றுக் குறிப்புகளாகிவிட்டன. திரைத் தோற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உபுண்டு 2011-இல் யூனிட்டி என்ற முகப்புக்கு மாறியது; 2017 அக்டோபரில் அதைக் கைவிட்டு மீண்டும் க்னோம் என்ற பழைய முகப்புக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், படங்களால் நிரப்பப்பட்ட நூல்களின் முதற்பகுதி முழுவதும் பயனற்றுப் போயிற்று.

ஆனால் அதே பழைய நூல்களில் கோப்பு அனுமதிகள் பற்றிய அதிகாரத்தைத் திறந்தால், படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி, உரிமையாளர், குழு, பிறர் என்ற மூவருக்கும் அனுமதி வழங்கும் முறை ஓர் எழுத்தும் மாறாமல் இன்றும் செல்லுபடியாகிறது. ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாகச் செலுத்தும் குழாய் முறை 1973-இல், லினக்ஸின் முன்னோடி இயங்குதளமான யூனிக்ஸில் வந்தது. நேற்று நிறுவிய மின்ட்டிலும் அதே செங்குத்துக் கோடுதான். ஆகவே ஒரு நூலின் பொருளடக்கத்தைப் பார்க்கும்போது, விரைவில் மூப்படையும் அதிகாரங்கள் எவை, மூப்படையாதவை எவை என்று பிரித்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன். கோப்பமைப்பு, அனுமதிகள், செயல்முறைகள், குழாய், உரைத்தேடல், சிறு நிரலெழுதுதல் ஆகியவை மொத்தப் பக்கங்களில் பாதிக்கும் குறைவாக இருந்தால், பணம் கொடுத்து வாங்க வேண்டிய நூல் அன்று அது. மற்றவற்றை அந்தந்த வெளியீட்டின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம்.

பெயர் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' இந்த அளவுகோலுக்கு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகிறது. இரண்டாம் அச்சுப் பதிப்பு 2019-இல் வந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாகவும் கிடைக்கிறது. சுட்டியால் செய்யும் எதையும் அது கற்பிப்பதில்லை என்பதை மட்டும் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை, தரவு மையத்தில் கணினி நிர்வாகி

பேராசிரியர் சொல்வதற்கு ஒரு விசித்திரமான எடுத்துக்காட்டு என்னிடம் இருக்கிறது. எங்கள் குழுவுக்கு, வழங்கிகளில் பயன்படும் லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸின் எட்டாம் வெளியீட்டுக்கான நூல்களை மொத்தமாக வாங்கினோம். 2029 வரை ஆதரவு உண்டு என்று எல்லோரும் எண்ணியிருந்த அந்த வெளியீடு 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நூல்கள் வீண் என்றுதான் அலுவலகத்தில் பேச்சு. ஆனால் அதன் இடத்துக்கு வந்த ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் சென்ட்ஓஎஸுக்கும் மூலமாக இருந்த, ரெட் ஹாட் நிறுவனத்தின் அதே ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸைப் பின்பற்றியே கட்டப்பட்டவை என்பதால், அட்டையில் இருந்த பெயர் மறைந்ததே தவிர உள்ளே இருந்த கட்டளைகள் ஏறக்குறைய அனைத்தும் வேலை செய்தன. மாறாக, ஏழாம் வெளியீட்டுக்கு எழுதப்பட்ட நூல்களில் மென்பொருள் நிறுவும் கட்டளையை 'யம்' என்றே பயின்றவர்கள், எட்டாம் வெளியீட்டில் 'டிஎன்எஃப்' அதன் இடத்துக்கு வந்தபோது சற்றுத் தடுமாறினார்கள். ரெட் ஹாட் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும், தேர்வு எந்த வெளியீட்டின் மேல் நடக்கிறதோ அதே எண் அட்டையில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே ஏறத்தாழ என்ற பேச்சுக்கு இடமில்லை.

இன்னொன்று, விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு. நூலில் இரட்டை நிறுவல் பற்றிய அதிகாரம் இருந்தால் வாங்குமுன் அதை முழுமையாகப் படியுங்கள். விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழைந்தவுடன், வட்டிலுள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் மறைகுறியாக்கம் கேட்காமலேயே இயங்கத் தொடங்கிவிடுகிறது. பழைய நூல்கள் வட்டுப் பிரிவைச் சுருக்கு, கணினி தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' அமைப்பை அணை என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போகும். அப்படியே செய்துவிட்டு மறுபடி விண்டோஸைத் திறக்கப் போனால் 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கும். சாவியை முன்கூட்டியே எடுத்து வைக்காதவர் கோப்புகளை இழக்க நேரிடும். பிட்லாக்கர் என்ற சொல்லே இல்லாத ஓர் இரட்டை நிறுவல் அதிகாரத்தை, அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

திருநெல்வேலி, மொழிபெயர்ப்பாளர்

எனக்கு முனையமும் கட்டளையும் இரண்டாம் பட்சம். தமிழில் தட்டச்சு செய்ய முடிந்தால்தான் எனக்கு அன்றாட வருமானம். நான் பார்த்த ஆங்கில வழிகாட்டி நூல்களில் ஒன்றுகூட, மேலை ஐரோப்பிய விசைப்பலகைகளைத் தாண்டி எதையும் பேசவில்லை. உபுண்டுவிலும் மின்ட்டிலும் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையோடு அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொண்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும் என்பதை, கணியம் அறக்கட்டளையோடு தொடர்புடைய நண்பர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். கணியம் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் வெளியிட்டு வருகிறது. லினக்ஸ் தொடக்க நிலையினருக்கான மின்னூல்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சில பழையவை. பேராசிரியர் சொன்ன மூப்புச் சிக்கல் தமிழ் நூல்களுக்கும் உண்டு. ஆயினும், கோப்பு அனுமதி என்றால் என்ன என்பதை என் மகனுக்கு அவற்றைக் கொண்டே விளக்கினேன். ஈரோட்டுக் கடைப் பையன்களுக்கு, அவர்கள் தொடாத ஆங்கில நூலைவிடச் சற்றே பழைய தமிழ் மின்னூல் மேலானது என்றே நினைக்கிறேன். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படித்தவர்கள் அவர்களில் இருந்தால், விண்டோஸோடு உபுண்டுவையும் அறிமுகப்படுத்தும் பாடம் அந்தப் பாடநூலிலேயே இருக்கிறது. வீட்டில் கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள்.

சென்னை, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி

படங்கள் நிறைந்த நூல்களை இங்கே எல்லோரும் ஒருமுகமாகத் தள்ளிவைப்பதைக் கண்டு, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் அல்லிக்குளம் வளாகத்தின் பழைய புத்தகக் கடையொன்றில் குறுந்தகட்டோடு கூடிய உபுண்டு நூல் ஒன்றை மலிவாக வாங்கினேன். நிறுவுதல் சிக்கலின்றி நடந்தது. அதன்பின் எந்த மென்பொருளைச் சேர்க்க முயன்றாலும், கோப்பு கிடைக்கவில்லை என்ற 404 பிழைதான் வந்தது. விசாரித்தபோது தெரிந்தது: உபுண்டுவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவு வெளியீடுகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு, இடைப்பட்ட வெளியீடுகளுக்கு இப்போது ஒன்பது மாதம் மட்டுமே. ஆதரவு முடிந்தவற்றின் தொகுப்புகளைப் பழைய வெளியீடுகளுக்கான தனி வழங்கிக்கு மாற்றிவிடுகிறார்கள். என் குறுந்தகட்டில் இருந்தது அத்தகைய ஓர் இடைக்கால வெளியீடு. நூலின் அட்டை வெளியீட்டு எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்ததே ஒழிய, அதன் ஆயுள் எவ்வளவு என்று உள்ளே எங்கும் சொல்லவில்லை. இதை எழுதுவது பதிப்பாளரின் கடமை என்று நான் இன்றும் கருதுகிறேன். மருந்துப் பெட்டியில் காலாவதி நாளை அச்சிடுவதைப் போல.

இருந்தும் அந்த நூல் என்னிடம் வீணாகவில்லை. நீண்டகால ஆதரவு வெளியீட்டை இறக்கி நிறுவிய பிறகும், அதன் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாளரங்களின் பகுதிகள், அமைப்புகள், கோப்பு மேலாளர் ஆகியவற்றைப் பழகினேன். பொத்தான்கள் சற்று இடம் மாறியிருந்தன. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அறுபதைக் கடந்து புதிய இயங்குதளத்துக்கு வருகிறவருக்கு முதல் வாரத்தில் வேண்டியது துணிவு. கருப்புத் திரையில் ஒளிரும் கட்டளைக் குறி அதைத் தருவதில்லை. பழக்கமான ஒரு படம் தருகிறது. பேராசிரியரின் அளவுகோல் மாணவர்களுக்குச் சரி. என்னைப் போன்றவருக்கு முதலில் ஒரு படநூல், அதுவும் நூலகத்தில் இரவலாக. பழகிய பிறகு மற்றது.

ஈரோடு, ஜவுளி மொத்தக் கடையின் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. கடைப் பையன்களுக்குக் கணியத்தின் மின்னூலை அச்சிட்டுக் கொடுக்கப் போகிறேன். வங்கி ஐயா சொன்னபடி படநூல் ஒன்றையும் மாவட்ட மைய நூலகத்தில் தேடுகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சந்தையில் உபுண்டு என்ற பெயரில் நூல்கள் நிறைய உள்ளன. மின்ட் என்ற பெயரில் அரிதாகவே தென்படுகின்றன. எங்கள் கணினிகளில் இருப்பது மின்ட் 22. உபுண்டு நூலை வாங்கினால் பயன்படுமா?

மதுரை, கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிப்பவர்

பாதி பயன்படும், எந்தப் பாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். மின்ட் 22 தொடர், உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. இதன் ஆதரவு 2029 வரை இருக்கிறது. எனவே 24.04-க்கு எழுதப்பட்ட நூலில் மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்' கட்டளைகள், கோப்பு அனுமதிகள், சேவைகள், நீங்கள் தேடிய அச்சுப்பொறி வரிசை ஆகியவை அப்படியே பொருந்தும். திரைத் தோற்றம் பொருந்தாது. உபுண்டுவின் முகப்பு க்னோம். மின்ட்டின் முதன்மைப் பதிப்பு சின்னமன் என்னும் வேறு முகப்பைக் கொண்டது, கீழ்ப்பட்டையும் பட்டியலும் விண்டோஸை ஒத்திருக்கும். கணினிகள் பழையவை என்பதால் உங்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான முகப்பு கொண்ட பதிப்பை நிறுவிக் கொடுத்திருக்கவும் கூடும். பட்டியலில் கணினித் தகவல் என்னும் பகுதியைத் திறந்தால் தெரிந்துவிடும். மென்பொருள் நிறுவும் அதிகாரத்தில் 'ஸ்னாப்' என்ற முறையை நூல் வற்புறுத்தினால் அதைத் தாண்டிச் செல்லுங்கள். உபுண்டுவில் இயல்பாக உள்ள அந்த முறையை மின்ட் தன் இயல்பு நிறுவலில் முடக்கியே வைத்திருக்கிறது, அதற்கு ஈடாக ஃபிளாட்பேக்கைத் தருகிறது. திரைப் பகுதிக்கு மின்ட் குழுவே வெளியிடும் நிறுவல் வழிகாட்டியையும் பயனர் வழிகாட்டியையும் இறக்கிக்கொண்டால், இன்னொரு நூலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.